தீபாவளிக்குள் பதினைந்து கிலோ

ரயில் நிலையங்களில் முன்பெல்லாம் ஓர் எடை இயந்திரம் நிற்கும். ஆளுயரப் பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன பல்புகள். ஏறி நின்று, சக்கரம் சுற்றி அடங்கும்வரை பொறுத்திருந்துதான் காசு போட வேண்டும். உள்ளே 'டக்' என்று ஏதோ விழும்; தடித்த அட்டைச் சீட்டு ஒன்று வெளியே வரும். அதில் எடை இருக்கும், கூடவே ஒரு வரி ஜோசியமும் இருக்கும். சின்ன வயதில் நாங்கள் எடையைப் பார்த்ததே இல்லை. ஜோசியத்தைத்தான் அடித்துப் பிடித்துப் படிப்போம்.

இப்போது ஜோசியம் போய்விட்டது. எண்ணையே ஜோசியமாகப் படிக்கிறோம்.

போன வருடம் ஆடி முடிகிற சமயம் என் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். குளியலறைத் தரையில் ஒரு டிஜிட்டல் தராசு, அதன்மேல் இரண்டு கால் கட்டைவிரல்கள், நடுவே 80.0. கீழே செய்தி: "மாமா, தீபாவளிக்குள்ள 65. ஜிம்ல சேர்ந்துட்டேன். சாதம் கட், சக்கரை கட், நைட் சாப்பாடும் கட்." கடைசியில் புஜத்தை மடக்கிக் காட்டும் மஞ்சள் பொம்மை.

அவனுக்கு வயது 24, உயரம் 171 சென்டிமீட்டர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. பதினொரு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஒன்பதரைக்குத் தாம்பரத்தில் இறங்குவான். கல்லூரி முடித்தபோது 68 கிலோ இருந்தான். மூன்று வருடத்தில் பன்னிரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

இந்தப் பன்னிரண்டு கிலோ எப்படி வந்தது என்று ஒரு முரட்டுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பது பழைய வாய்ப்பாடு. பன்னிரண்டு கிலோவை மூன்று வருடத்து நாட்களுக்குப் பிரித்தால், நாளொன்றுக்கு அவன் உடம்பில் மிச்சமானது சுமார் 85 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ. அவ்வளவுதான். அவன் ஒன்றும் விருந்து விருந்தாகச் சாப்பிட்டுப் பருத்தவனில்லை. உட்கார்ந்த இடத்தில் நாளுக்கு ஒரு டீ மிஞ்சியது.

வந்த வழி இப்படி. போக அவன் தேர்ந்தெடுத்த வழி வேறு. பன்னிரண்டு வாரத்தில் 15 கிலோ என்றால் நாளொன்றுக்கு 1,375 கலோரி துண்டு விழ வேண்டும். அவன் உயரத்துக்கும் வயதுக்கும் உட்கார்ந்த வேலைக்கும் ஒரு நாள் செலவே 2,350 அளவில்தான் இருக்கும். மிச்சம் ஆயிரத்துக்கும் கீழே. உடற்பயிற்சியில் எரிப்பேன் என்றான். எழுபது எண்பது கிலோ மனிதர் ஐந்து கிலோமீட்டர் வேகமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 300 கலோரி. ஓட்டலில் எண்ணெய் மின்ன வரும் ஒரு பரோட்டா அதைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடும், சால்னாவைக் கணக்கில் சேர்க்காமலே.

ஆயிரம் கலோரியில் ஓர் இளைஞனை வைத்தால் என்ன நடக்கும்? இதற்கு ஓரளவு விடை 1944-45லேயே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா பட்டினி கிடந்த நேரம். போர் முடிந்ததும் அந்த மக்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். இருபதும் முப்பதுமான வயது, நல்ல திடகாத்திரம். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த அறைகளில் தங்கினார்கள். ஆறு மாதம் உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், ரொட்டி, மக்ரோனி. கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்வாசி போனது.

எடை போனது பெரிய சேதியில்லை. மற்றவைதான் சேதி. கோடையிலும் குளிர்ந்தது. இதயத் துடிப்பு மந்தமானது. சிரிப்பு போயிற்று, நண்பர்கள் வேண்டாமென்றாயிற்று. சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அளைந்தார்கள். சமையல் செய்தே அறியாத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், ராத்திரி உட்கார்ந்து அவற்றை நாவல் படிப்பதுபோலப் படித்தார்கள். சூயிங்கம் மென்று தீர்த்ததில், அதற்கும் ரேஷன் வைக்க வேண்டியதாயிற்று. சோதனை முடிந்து சாப்பிட விட்டபோது பலருக்கு வயிறு முட்டினாலும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு முழுக்கத் திரும்பி, அதற்கு மேலும் ஏறியது. தசைதான் மெதுவாக வந்தது.

பட்டினி என்றே பெயரிட்ட அந்தச் சோதனையில் ஒரு நாளைக்குச் சராசரியாகக் கொடுத்தது சுமார் 1,570 கலோரி. என் மருமகன் தனக்குத்தானே ஆயிரத்துக்கும் கீழே விதித்துக்கொண்டிருந்தான், ஜிம்முக்குப் பணமும் கட்டி.

சொன்னேன். கேட்கிற வயதா? முதல் வாரக் கடைசியில் இன்னொரு படம் வந்தது: 77.6. "பார்த்தீங்களா மாமா!"

அந்த இரண்டரைக் கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைகோஜென் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. சுமார் அரைக் கிலோ இருக்கும். ஆனால் அது தனியாக உட்காராது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட்டி வைத்துக்கொள்ளும். சாதத்தை நிறுத்தியதும் கையிருப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் சிறுநீராய் வெளியேறுகிறது. தராசு மகிழ்ச்சியாகக் கீழே இறங்குகிறது. கொழுப்பு இருந்த இடத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 'ஏழே நாளில் மூன்று கிலோ' விளம்பரங்களின் சூட்சுமம் இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. எதைக் குறைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஒரே ஒரு கல்யாண விருந்து போதும், மறுநாள் காலை தண்ணீர் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நான்காவது வாரம் 75.8இல் நின்றான். ஐந்தாவது வாரம் விநாயகர் சதுர்த்தி வந்தது.

அக்கா செய்யும் பூரணக் கொழுக்கட்டையைப் பற்றி நான் நடுநிலையோடு எழுத முடியாது. தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் சரியாகச் சுருண்டு, மேல் மாவு உள்ளே இருப்பதன் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கும். ஒன்று எடுத்தான். ஒன்று ஆறாயிற்று. பிறகு, "கெட்டுச்சு, இன்னிக்கு விட்ருவோம்" என்றான். அந்த 'இன்னிக்கு' பத்து நாள் ஓடியது.

இதைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரு உளவியலாளர்கள் 1975இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பெண் போடச் சொல்லி, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் கட்டுப்பாட்டோடு இருப்பவர்கள் நேர்மாறு: மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகம் சாப்பிட்டார்கள். கோடு இவ்வளவு கறாராக இருந்தால், ஒருமுறை தாண்டியபின் அந்தப் பக்கமே தங்கிவிடத் தோன்றுகிறது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் பாட்டிகள் இதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் அவன் எடை 79. தீபாவளிப் பலகாரத்துக்கு முன்பே.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டான். "மாமா, என் மெட்டபாலிசமே ஸ்லோ. வயசாகுதில்ல." இருபத்து நான்கில் வயசாகிறதாம். 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அன்றாட ஆற்றல் செலவை அளந்து பார்த்தது. உடலின் பருமனையும் தசையையும் கணக்கில் கொண்டால், இருபதிலிருந்து அறுபது வரை அந்தச் செலவு ஏறக்குறைய சமமாகவே போகிறது. முப்பதில் தொப்பை போடுவதற்கு மெட்டபாலிசத்தின் மேல் பழி போட வழியில்லை. மாறுவது மெட்டபாலிசம் இல்லை, வாழ்க்கை. கல்லூரியில் விடுதிக்கும் வகுப்புக்கும் கேன்டீனுக்கும் மைதானத்துக்கும் நடந்த கால்கள், வேலைக்குச் சேர்ந்ததும் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்கின்றன.

சரி, அவனுக்கு 65 கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு செயலி சொல்லியிருக்கிறது. பிஎம்ஐ: கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அவனுக்கு 27.4. இந்தச் சூத்திரத்தின் பூர்வீகம் மருத்துவம் இல்லை. பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே 1830களில் இதைக் கண்டார்; அவர் வானியலாளர், புள்ளியியலாளர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று மக்கள் கூட்டத்தை அளக்கத்தான் அவர் முயன்றார். பிஎம்ஐ என்ற இன்றைய பெயரை 1972இல் வைத்தவர், மினசோட்டாவில் பட்டினி போட்ட அதே ஆன்செல் கீஸ். ஊர் முழுவதையும் அளக்க இது நல்ல கோல். தனி ஆளுக்கு வைக்கும்போது கொஞ்சம் வளையும்.

எவ்வளவு வளையும் என்பதற்கு 2004இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு புகைப்படம் போதும். புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. இம்மி பிசகவில்லை. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதுவும் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றி. இந்தியத் துணைக்கண்டத்து உடம்புகளின் போக்கு இது. அதனால்தான் உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை என்றால், நமக்கு 23லிருந்தே மருத்துவர்கள் புருவம் உயர்த்துகிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வு சொல்கிறது. நாட்டின் சராசரி 11.4.

ஆகவே தராசை விட நாடா நமக்கு நல்ல சாட்சி. தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதே நாடா. சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கினால் நாடாவுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லைக்கோடு. மனக்கணக்குக்கு வேண்டுமானால், உயரத்தில் பாதிக்குள் இடுப்பு அடங்கினால் நல்லது. என் மருமகன், "என் பேன்ட் முப்பத்திரண்டு இன்ச்தான் மாமா" என்றான். ஜீன்ஸ் தொப்புளுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. தொப்பை அதற்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அளந்தோம். 94.

கால்சட்டை அளவு என்றதும் லண்டன் பஸ்கள் நினைவுக்கு வருகின்றன. 1940களின் கடைசியில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், திடீரென்று பெருகிய மாரடைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். லண்டனின் இரட்டை மாடிப் பஸ்கள் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். ஒரே பஸ், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே பின்னணியிலிருந்து வந்த இரண்டு பேர். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கிழிக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறார், நாளுக்கு ஐந்நூறு அறுநூறு படி. 1953இல் முடிவை வெளியிட்டார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிர் போவது இன்னும் குறைவு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் முடிச்சுப் போட்ட முதல் பெரிய ஆய்வு என்று இதைச் சொல்வார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் உண்டல்லவா? ஓட்டுநர்கள் குண்டாக இருந்ததால் மாரடைப்பு வந்திருக்கலாமே? மோரிஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கம்பெனி எல்லாருக்கும் சீருடை தைத்துக் கொடுக்கிறது. எனவே கால்சட்டை அளவுகள் பதிவேட்டில் இருக்கும். அதைப் போய்ப் புரட்டினார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு பிரிவிலும் நடத்துநர்களே தப்பித்திருந்தார்கள். தொப்பை வைத்த நடத்துநருக்கும் படிக்கட்டு பலன் கொடுத்திருந்தது. மோரிஸ் தன் ஆய்வைத் தானே நம்பி ஓடவும் நீந்தவும் தொடங்கினார். 99 வயதில், 2009இல் காலமானார்.

நான் மருமகனிடம் சொல்ல நினைத்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. எடை ஒரு விளைவு. விளைவைக் குறியாக வைத்தால் அது நம் கையில் இல்லாத பொருள். தண்ணீரும் உப்பும் மலச்சிக்கலும் கூட அதை ஆட்டி வைக்கும். நாளுக்கு நாள் ஒரு கிலோ ஏறி இறங்குவது சர்வசாதாரணம். படி ஏறுவதோ நம் காலில் இருக்கிறது.

சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். நடுத்தர வயதினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான வாழ்க்கை. இன்னொரு பிரிவினருக்கு நாளுக்கு அரை மணி வேக நடையும், சர்க்கரை, எண்ணெய், தீட்டிய தானியம் ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டிய சாப்பாடும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் போயிருந்தார்கள். நடந்த பிரிவில் 39. வியப்பு எதில் என்றால், நடந்தவர்களின் எடை குறையவே இல்லை. குளியலறைத் தராசை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் ஒவ்வொருவரும், "இவ்வளவு நடந்தும் பிரயோஜனமில்லை" என்று மூன்றாம் மாதமே செருப்பைக் கழற்றியிருப்பார்கள்.

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டுவதற்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. உடம்பில் மிகப் பெரிய சர்க்கரைக் கிடங்கு தசைதான். தொடையும் புட்டமும் அதில் பெரிய அறைகள். இருபதுகள் அந்தக் கிடங்கைக் கட்டுகிற காலம். எலும்பின் அடர்த்தியும் முப்பது வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் செலவழிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் சொல்கிறது. முதல் பாதி எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். இதற்கு இயந்திரமோ புரதப் பொடியோ தேவையில்லை. தண்டாலும் பஸ்கியும் ஒரு காலத்தில் இந்த ஊரின் ஒவ்வொரு தெருவிலும் இருந்தவை. பத்து பஸ்கி ஒழுங்காக எடுத்துவிட்டு மறுநாள் படியிறங்கிப் பாருங்கள், கிடங்கு எங்கே இருக்கிறதென்று அதுவே சொல்லும்.

பத்தாயிரம் அடி பற்றியும் கேட்டான். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் நச்சரிக்கிறதாம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அது அப்படியே உலகச் சட்டமாகிவிட்டது. பின்னாளில் வயதான அமெரிக்கப் பெண்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை அளந்தபோது, 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே பலன் தெரிந்தது. 7,500 வாக்கில் பலன் சமமாகிவிட்டது. இளவட்டங்களுக்கு வேறு எண்ணாக இருக்கலாம். ஆனால் மூவாயிரம் நடப்பவன் ஐயாயிரம் நடப்பதுதான் பெரிய தாவல். பத்தாயிரம் எட்டவில்லையே என்று ஏங்கி உட்காருவதில் அடி ஒன்றும் கூடாது.

எடையைக் குறைக்கவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. 1985-86இல் அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 'கார்டியா' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, இளமையில் இருந்த பிஎம்ஐயை ஏறத்தாழ அப்படியே காப்பாற்றி வந்தவர்களின் ரத்த அழுத்தமும் கொழுப்பும் சர்க்கரையும் பெரிதாகக் கெடவில்லை. தொடக்கத்திலேயே கொஞ்சம் பருமனாக இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. வருடா வருடம் ஏற்றிக்கொண்டே போனவர்களுக்குத்தான் எல்லாம் கெட்டது. அப்படி நின்ற இடத்தில் நின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறில் ஒருவர்.

இருபதுகளில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய குறி எனக்குத் தெரியவில்லை: ஏறாமல் நிற்பது. கேட்க இதில் கவர்ச்சி இல்லை. 'அன்றும் 72, இன்றும் 72' என்று யாரும் முன்படம் பின்படம் போடுவதில்லை. என் மருமகனைப் போல ஏற்கெனவே ஏறிவிட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் ஐந்து விழுக்காடு, அதாவது நாலு கிலோ, நல்ல குறி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதற்கே அசைந்து கொடுக்கும்.

பெண் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சை எடுக்கும்போது எனக்கு வேறொரு கவலை உண்டு. பிஎம்ஐ 18.5க்கும் கீழே இருந்துகொண்டே இன்னும் இளைக்க நினைக்கிறவர்கள் நம் விடுதிகளில் இருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள், அதற்கு யாராவது பாராட்டவும் செய்கிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போவதும் நிற்பதும், முடி கொட்டுவதும், எந்நேரமும் குளிர்வதும், சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடாததும் மினசோட்டாவின் பாஷைதான். சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, சாப்பிட்ட குற்றத்துக்குத் தண்டனையாக ஓடத் தோன்றினாலோ, அங்கே உடனடித் தேவை மருத்துவர். டயட் சார்ட் இல்லை. பையன்களுக்கும் இது வரும்; அவர்கள் அதற்கு 'கட்டிங்' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

தீபாவளி கழிந்த ஞாயிறு, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கரண்ட் பில்லின் பின்பக்கம் நாங்கள் புதுக் கணக்கு எழுதினோம். சாதத்தை 'கட்' பண்ணவில்லை. மூன்று கரண்டி இரண்டாயிற்று. காலியான இடத்தில் பொரியல் இரட்டை மடங்கு, ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடிக் கிண்ணம் சுண்டல். நம் தட்டில் கலோரியில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்தே. புரதம் பத்தோ பன்னிரண்டோ. அவனுக்கு நாளுக்கு 55 கிராம் அளவு புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு, நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலையில் எட்டு ஒன்பது என்று எண்ணிப் பார்த்தபோது, இட்லி, சாம்பார் சாதம், தோசை என்று போகிற அவன் நாள் பாதி வழியில் நிற்பது தெரிந்தது. ஐந்து டீ மூன்றாயிற்று. அந்த மூன்றிலும் சர்க்கரை ஒரு ஸ்பூன்.

ராத்திரி பத்தரைக்கு ஆர்டர் பண்ணும் பரோட்டாதான் சிக்கல். "பசிக்குது மாமா, என்ன பண்றது?" தூங்குவது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒன்றரை. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, எடை கூடிய இளவயதினர் எண்பது பேரை எடுத்து, ஒரு பாதிக்கு நன்றாகத் தூங்க மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தூங்கியவர்கள், நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். விழித்திருக்கும் வயிறு கேட்கும். தூங்கும் வயிறு கேட்காது. செல்போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று எழுதினோம். அவன் முகம் சுருங்கியது அங்கேதான், கொழுக்கட்டைக்குக்கூட அவ்வளவு சுருங்கவில்லை. பரோட்டா சனிக்கிழமை உண்டு.

நடைக்கு நேரம் இல்லை என்றான். 'இனி தினமும் நடப்பேன்' என்ற சங்கல்பம் மூன்று நாள் தாங்காது. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முடிச்சுப் போட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார்: 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டி முடிவு செய்தவர்களுக்கு, வெறும் ஆசைப்பட்டவர்களைவிடக் காரியம் கைகூடுகிறது. எனவே எழுதியது இது: பஸ் தாம்பரம் பாலத்தில் ஏறியதும் எழுந்து நிற்பது, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது, மதியம் தட்டு கழுவியதும் கட்டடத்தைச் சுற்றிப் பத்து நிமிடம். செவ்வாயும் சனியும் தண்டால், பஸ்கி. ஜிம்முக்குக் கட்டிய பணம் முடியும்வரை அங்கேயே எடுக்கட்டும்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்டான். இருபத்தொரு நாள் என்று இணையம் சொல்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளும் உண்டு, 254 நாளும் உண்டு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த வரி வேறு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெடவில்லை. இதைக் கேட்டதும் அவன் தன் அம்மாவைப் பார்த்து, "அப்ப கொழுக்கட்டை ஓகேம்மா" என்றான்.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஞாயிறு காலை, கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடுமுன். மாதம் ஒரு முறை நாடா. அன்றைக்கே அக்காவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து நாடாவை எடுத்துத் தன் அறைக் கதவின் கொக்கியில் மாட்டிக்கொண்டான்.

சித்திரையில் போன் பண்ணினேன். அக்காதான் எடுத்தாள். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் அதற்கு நேரடியாகப் பதில் இல்லை. "இருக்கான், இருக்கான். ராத்திரி ரோட்ல நடந்தே வர்றான், நாய் தொரத்துது. டேப்பை மட்டும் திருப்பித் தரச் சொல்லு. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கணும்னு நாலு தடவை வந்துட்டுப் போயிடுச்சு. எப்பக் கேட்டாலும், 'எண்பத்தெட்டும்மா, எண்பத்தெட்டும்மா'ங்கறான். எனக்கு எதுக்குடா அந்தக் கணக்கு?"